லேட்டு வியாதியும் பதினோரு அண்ணன்களும்

ரெனிதா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த ஆடி மாதத்தில், அவளுடைய நிழல் அவளைவிடப் பதினோரு நிமிடம் தாமதமாக வரத் தொடங்கியது. காலை எட்டு மணிக்கு அவள் ஆவடிப் பக்கத்துக் கோவில்பதாகை வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினால், நிழல் எட்டு பதினொன்றுக்குச் சுவரை ஒட்டி வெளியே வரும். சாத்தியிருக்கிற கதவை இன்னொரு முறை சாத்துவதுபோல் கையை ஆட்டிவிட்டு, அவள் போன வழியே தெருமுனை வரைக்கும் நடந்து, அவள் ஷேர் ஆட்டோவுக்காக நின்ற அதே இடத்தில் நின்று, அவள் கைக்குட்டையை எடுத்த அதே இடத்தில் கைக்குட்டையை எடுக்கும். தெருநாய்கள் ஒரு வாரம் குரைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டன. அந்த வருடம் தண்ணீர் லாரி வந்தால் தெருவே குடத்தோடு அடித்துக்கொண்டிருந்தது. ஆளில்லாமல் போகிற ஒரு நிழலைப் பற்றிப் பேச யாருக்கும் பொழுதில்லை. குடத்து வரிசைக்குள் அது புகாதவரை அதனால் யாருக்கும் தொந்தரவும் இல்லை.

ரெனிதாவின் அம்மா செலின் அதைப் பார்த்து அலறவில்லை. கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அது புதிதில்லை. அவள் கணவர் எட்மண்ட், ஆவடியில் ராணுவ வண்டி செய்யும் தொழிற்சாலையில் டர்னராக இருந்தவர், இதே வியாதியில்தான் போனார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோரக் குடும்பம் அது. மூன்று தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். செலினே எட்மண்டுக்குச் சொந்த அத்தை மகள். சொத்து வெளியே போகக் கூடாது என்று கட்டிக்கொண்டே வந்ததில் வியாதியும் வெளியே போகவில்லை. தலைமுறைக்கு ஒருவருக்கோ இருவருக்கோ நிழல் பிந்தும். ஊரில் அதை அசதி என்றார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் லேட்டு வியாதி என்று பெயராயிற்று. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, பசி குறையாது. நிமிடத்தில் தொடங்கி மணிக்கணக்காகும், வயது ஏற ஏற வேகமும் ஏறும், அவ்வளவுதான். ஆனால் முழுதாக ஒரு நாள் பிந்திவிட்டால், நேற்றைய நிழலுக்குத் தான் சரியான நேரத்துக்கே வந்துவிட்டதாகத் தோன்றிவிடும். அதற்கு மேல் அவசரப்பட அதற்குக் காரணம் இல்லை. இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். நிழல் உட்கார்ந்த இடத்தில் ஆளும் படுத்துவிடுவார், பிறகு எழுந்திருக்க மாட்டார். எட்மண்ட் ஒரு செவ்வாய்க்கிழமை படுத்தார். மூன்றாம் மாதம் அடக்கம் செய்தார்கள். அப்போது ரெனிதாவுக்குப் பத்தொன்பது வயது. அவர்களுக்கு அவள் ஒரே பிள்ளை.

ரெனிதா அழுது மூலையில் முடங்குகிற ரகம் இல்லை. கியர் சக்கரம் செய்கிற கம்பெனியில் அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. நாள் முழுக்கச் சக்கரத்தின் பல்லை அளந்து, சரி என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம் போடுகிறவள். தன் நிழலையும் அப்படியே அளக்கத் தொடங்கினாள். தினமும் காலை எட்டு மணிக்குக் காம்பவுண்டு சுவர் முன்னால் நின்று வலது கையைத் தூக்குவாள். செலின் முக்காலி போட்டு உட்கார்ந்து, சுவரில் அந்தக் கை எத்தனை மணிக்குத் தூக்கப்படுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் வருடம் இட்லி வேகும் நேரத்துக்குள் முடிந்த வேலை, மூன்றாம் வருடம் மதியச் சாப்பாட்டைத் தாண்டியது, அப்புறம் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்க்கிற நேரத்துக்குப் போனது. நடுவே ஒரு சம்பந்தம் வந்தது. பையன் வீட்டுக்குப் பிடித்து, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தும் ஆயிற்று. இரண்டாம் ஞாயிறு பையனின் அத்தை பூசைக்கு வந்திருந்தாள். ரெனிதா நற்கருணை வாங்க வரிசையில் நின்றபோது, அவளுடைய நிழல் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

இப்படியிருக்கையில் நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு டயர் கடையின் மாடியில் லேட்டு வியாதிக்கான ஆராய்ச்சி மையம் திறந்தார்கள். உலகத்தில் மொத்தமே முந்நூறு பேருக்குள்தான் இந்த வியாதி, அதில் நாற்பது பேர் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிறார்கள் என்று எங்கிருந்தோ கண்டுபிடித்திருந்தார்கள். தலைவி டாக்டர் அகல்யா புனேயிலிருந்து வந்தவர். பொறுமைசாலி. நிழலின் ஓரத்தைச் சாக்குக்கட்டியால் வரைந்து, அது நகரும் வரை பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருப்பார். தமிழ் ஒரு சொல் தெரியாது. பூந்தமல்லியைச் சேர்ந்த சுதா என்ற பெண் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லவும், வருகிறவர்களின் படிவங்களைக் கணினியில் ஏற்றவும் இருந்தாள். படிவத்தை வெளியூரில் ஒரு கம்பெனி தமிழாக்கி அச்சடித்து அனுப்பியிருந்தது. அதில் ஏழாவது கேள்வி, நோயாளியின் அண்ணன் தம்பி எண்ணிக்கை. கூடப்பிறந்த என்ற ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. செலின் பேனாவை எடுத்து விரல்விட்டு எண்ணினாள். பெரியப்பா பிள்ளைகள், பெரியம்மா பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள், எல்லாரும் ரெனிதாவுக்கு மூத்தவர்கள். அண்ணன் பதினொன்று, தம்பி இல்லை என்று எழுதிவிட்டு வந்தாள். அவள் மட்டுமா, வந்த குடும்பம் அத்தனையும் அப்படித்தான் எழுதியது. சுதா அந்த ஒரு வாரத்தில் நாற்பது குடும்பத்துப் படிவத்தையும் ஏற்றினாள், யாருக்கு எத்தனை அண்ணன் என்று நின்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. டாக்டர் அகல்யா கணினியில் வம்சப் படத்தை விரித்துப் பார்த்தபோது ஒரே தாய்க்குப் பதினோரு பையனும், இன்னொரு தாய்க்குப் பதினேழு பிள்ளையும் இருந்தார்கள். கடலோர மக்கள், மீன் சாப்பிடுகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டார். கேட்டால் மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார்.

முதல் வருட முடிவில் மையம் ஒன்றைக் கண்டுபிடித்தது. நோயாளியோடு கூடப்பிறந்தவர் தினம் நாற்பது நிமிடம் வெயிலில் சேர்ந்து நடந்தால், பிந்திய நிழல் நாலைந்து நிமிடம் முந்தி வருகிறது. மருந்து மாத்திரை எதற்கும் அசையாத நிழல் இதற்கு அசைந்தது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று நம்மூரில் குழந்தைக்கும் தெரிந்ததைத்தான் அவர்கள் அளந்து சொன்னார்கள் என்றாலும், அளந்து சொல்வதற்கு ஒரு மதிப்பு உண்டு. அப்போது ரெனிதாவின் நிழல் இருபத்தோரு மணி நேரம் பின்தங்கியிருந்தது. பதினோரு அண்ணன்கள் உள்ள நோயாளி என்பதால் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. மையத்தில் எல்லாரும் அவளைப் பார்த்து, கொடுத்து வைத்தவள் என்றார்கள். ஒரு அண்ணனைக் கூட்டிவரச் சொன்னார்கள். பதினொருவரில் ஆறு பேர் வளைகுடாவில், மூன்று பேர் தூத்துக்குடியில், ஒருவர் சாமியாராகி எங்கோ மலைப்பக்கம் இருந்தார். மிச்சம் ரூபஸ். எட்மண்டின் அண்ணன் மகன், அயனம்பாக்கத்தில் ஏசி மெக்கானிக். செலின் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். இவர்தான் அண்ணனா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

தை மாதத்திலிருந்து ரூபஸும் ரெனிதாவும் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் தினமும் காலையில் நடந்தார்கள். ரூபஸ் வாய் ஓயாதவன். எந்த வீட்டு ஏசிக்குள் எலி குட்டி போட்டிருந்தது, எந்த வீட்டுக்காரர் ரிமோட்டில் பேட்டரி இல்லாததற்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டார் என்று சொல்லிக்கொண்டே வருவான். பாப்பா என்றுதான் அவளைக் கூப்பிடுவான். நிழல் இருபதானது, பதினேழானது. சித்திரை முடிவதற்குள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு இறங்கியது. செலின் வெகுநாள் கழித்துத் தையல் மிஷினைத் துடைத்து வைத்து, ரெனிதாவுக்குப் புது ஜாக்கெட் தைத்தாள். டாக்டர் அகல்யா தன் வாழ்நாளிலேயே பார்த்த சிறந்த முடிவு என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் இருவருடைய ரத்தத்தையும் அனுப்பச் சொன்னது.

வைகாசியில் ரத்த முடிவு வந்தது. இவர்கள் இருவரும் ஒரே தாய் தகப்பன் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல என்று அதில் இருந்தது. டாக்டர் அகல்யா அதை இரண்டு முறை படித்தார். செலினைத் தனியே அழைத்து, கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்து, எதைச் சொன்னாலும் வெளியே போகாது என்று சத்தியம் செய்துவிட்டு, ரூபஸின் உண்மையான தகப்பன் யார் என்று சுதா மூலமாகக் கேட்டார். சுதா அதை மொழிபெயர்ப்பதற்குள் மூன்று முறை தொண்டையைச் செருமினாள். செலினுக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. எங்க ஊட்டுக்காரரோட அண்ணன், வேற யாரு என்றாள். அப்படியானால் இவன் ரெனிதாவுக்கு அண்ணன் இல்லையே என்றார் டாக்டர்.

"பெரியப்பா புள்ள அண்ணன் இல்லாம இன்னா, கொழுந்தனா?" என்றாள் செலின்.

சுதா நெற்றியில் அடித்துக்கொண்டு மிச்சப் படிவங்களை எடுத்துவரப் போனாள். நாற்பது குடும்பத்தின் வம்சப் படமும் அன்று மத்தியானம் கிழிந்தது. ஆனால் அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. மூடிய கதவுக்குள் கேட்ட கேள்வி, எந்த வழியாகவோ, ரூபஸின் அப்பா யார் என்று ஆஸ்பத்திரியில் விசாரிக்கிறார்கள் என்று ஆகி அயனம்பாக்கம் போய்ச் சேர்ந்தது. ரூபஸின் அம்மா ஆக்னஸ் கணவனை இழந்தவள், முப்பது வருடமாகக் கோயிலில் மாதா சபைத் தலைவி. ஆட்டோ பிடித்து வந்து செலின் வீட்டு வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. "எம்புள்ளைக்கு அப்பன் யாருன்னு கேக்கறதுக்கா அவன உங்கூட அனுப்னேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அதே ஆட்டோவில் திரும்பிப் போனாள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றது. ரூபஸ் ஏரிக்கரைக்கு வருவது நின்றது. கூடப்பிறந்தவர் இல்லாத நோயாளிக்குச் சிகிச்சைத் திட்டத்தில் இடமில்லை என்று மையத்தின் விதியும் சொன்னது. டாக்டர் அகல்யா அதை வருத்தத்தோடு படித்துக் காட்டினார்.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். நிழல் தினம் நான்கு நிமிடமாக மறுபடி பின்னால் போனது. ஆனியில் பதினான்கு, ஆவணியில் பதினெட்டு, ஐப்பசியில் இருபத்துமூன்றைத் தொட்டது. வேடிக்கை என்னவென்றால், தெருவுக்கு அவள் குணமாகிவிட்டதாகவே தோன்றியது. தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே வேலையைச் செய்கிறவள் அவள். நேற்று எட்டு மணிக்குக் கிளம்பியவளின் நிழல் இன்று ஏழரைக்கு முன்பின்னாகக் கிளம்பியது. இத்தனை வருடம் பின்னால் வந்தது இப்போது முன்னால் போனது. பக்கத்து வீட்டுக் கண்ணம்மா, மாதா கண் திறந்துவிட்டாள் என்று செலினுக்கு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். செலின் அதை வாங்கிக்கொண்டாள். நன்றாகவே இருக்கிறாள் என்று சொன்னாள். உள்ளே போய் எட்மண்ட் படுத்திருந்த கட்டிலைப் பிரித்துப் பரண்மேல் போட்டாள்.

ரெனிதாவுக்குப் பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிட அவளை அரித்துக்கொண்டிருந்தது ஒரு கேள்வி. கூடப்பிறந்தவன் இல்லையென்றால் நிழல் ஏன் இறங்கியது? ஒன்பது மணி நேரம் இறங்கியதை அவள் அம்மா உட்கார்ந்து அளந்திருக்கிறாள், அளவில் தப்பில்லை. கம்பெனியில் அவளுக்கு முதலில் சொல்லித்தந்தது, தேறிய சக்கரத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, கழித்த சக்கரத்தைப் பார் என்பதுதான். நசரத்பேட்டைக்குப் போய், கூடப்பிறந்தவர்கள் நடந்தும் நிழல் அசையாதவர்கள் யாராவது உண்டா என்று சுதாவிடம் கேட்டாள். மூன்று ஜோடி இருந்தது. மூன்றுமே ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ரத்தம் ஒத்துப்போனவர்கள். சுதா தயங்கிச் சொன்னாள், அவர்களுக்குள் பேச்சு கிடையாது, மையம் சொன்னதற்காக ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலுமாக நடந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று. ரெனிதா தன் பங்குக்கு ஒவ்வொருவராக மாற்றிப் பார்த்தாள். அம்மாவோடு நடந்தாள், ஒன்றும் ஆகவில்லை. தாய்மாமனோடு நடந்தாள், ஒன்றும் ஆகவில்லை. மாமன் மகனோடு நடந்தாள், அவன் முறைமாப்பிள்ளை, நிழல் ஒன்பது நிமிடம் கூடுதலாகப் பிந்தியது, வெட்கப்பட்டதோ என்னவோ. கம்பெனி சூப்பர்வைசர் பக்தவத்சலம் சாரை மதிய இடைவேளையில் கெஞ்சி நடக்கவைத்தாள், சாருக்கு வியர்த்ததுதான் மிச்சம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆல்பத்தை எடுத்து உட்கார்ந்தாள். பத்து வயதில் அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாப் படத்தில், ஃபிளாஷ் வெளிச்சத்தில் எல்லாருக்கும் பின்னால் சுவரில் நிழல் விழுந்திருந்தது, அப்பாவுக்கும். அதே வருடத்துக் கிறிஸ்துமஸ் படத்தில் அப்பாவுக்கு மட்டும் இல்லை. நடுவில் என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டாள். செலின் சொன்னாள். புதுநன்மைப் பத்திரிகையில் எட்மண்டின் அண்ணன் பெயர் விட்டுப்போயிற்று. அச்சகத்துக்காரன் தப்பு. அண்ணன் விழாவுக்கு வரவில்லை. தம்பி போய்க் கூப்பிடவில்லை. நீயா நானா என்று ஒன்பது வருடம், ஆவடிக்கும் அயனம்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கிற இந்தத் தூரத்தை இருவருமே கடக்கவில்லை. சவப்பெட்டியை மூடும்போதுதான் அண்ணன் வந்து, தம்பி தம்பி என்று பெட்டியின்மேல் விழுந்து கதறினார். அடுத்த வருடமே அவரும் போனார். ரெனிதா ஆல்பத்தை மூடினாள். ஆராய்ச்சி முடிந்துவிட்டது. நிழல் ரத்தத்தைப் பார்ப்பதில்லை, கூப்பிடுகிற சொல்லைப் பார்க்கிறது, கூப்பிட்டால் திரும்புகிற ஆளைப் பார்க்கிறது. ஒரே ஒரு அச்சுப்பிழையில் அப்பா போய்விட்டார் என்று நினைத்தபோது, அடக்கத்தன்று வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. செலின் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

விடை கிடைத்துவிட்டது, ஆள்தான் கிடைக்கவில்லை. ரூபஸ் போனை எடுக்கவில்லை. மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் கணக்கு இருபத்துமூன்று மணி முப்பத்தெட்டு நிமிடம். இன்னும் இருபத்திரண்டு நிமிடம், ஆறு நாளுக்குள் தீர்ந்துவிடும். அவள் வழக்கம்போல் தெருமுனைக்குப் போனாள். யூசுப்பின் ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. ஐந்து வருடமாக அவளை எஸ்டேட்டில் இறக்கிவிடுகிறவர் அவர், ஐம்பது வயது இருக்கும், ஆரஞ்சு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டே பேசுவார். மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே அவளும் அண்ணாத்தே என்று கூப்பிட்டுப் பழகியிருந்தாள். உன் நிழல் அப்போதே வந்து ஏறிப் போய்விட்டது, நீ ஏன் தாமதம் என்று யூசுப் சிரித்தார். ரெனிதாவால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அது முன்னால் போகவில்லை அண்ணாத்தே, ஒரு நாள் பின்னால் வருகிறது என்றாள். தொடங்கியதால் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா படுத்ததை, ரூபஸை, இன்னும் ஆறு நாளை. உள்ளே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கூட நடக்க ஆள் வேண்டும், ஆனால் அண்ணனாக இருக்க வேண்டும், வேறு யாரும் ஆகாது என்று முடித்தாள்.

யூசுப் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். வாயில் இருந்த மிட்டாயைக் கடித்து முழுங்கினார்.

"அஞ்சு வருசமா அண்ணாத்தே அண்ணாத்தேன்னு கூப்ட்டுகினு கீற. சும்மாவா கூப்ட்ட?" என்றார்.

பின்னால் வந்த ஆட்டோவில் நாலு பேரையும் ஏற்றிவிட்டு, தன் ஆட்டோவைப் பூட்டி ஓரங்கட்டிவிட்டு, அவளோடு நடந்தார். கோவில்பதாகையிலிருந்து ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில் ஒருவருடைய நிழல் மட்டும் விழ இருவர் நடந்தார்கள். அவர் முழங்கால் வலிக்காரர், நடை மெதுவாகத்தான் வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றதும் திட்டினார். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகிறவளுக்கு நிழல் என்ன, உயிரே லேட்டாகத்தான் வரும் என்றார். வழியில் ஒரு கடையில் நிறுத்தி அவள் இரண்டு இட்லி தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அவளை அப்படித் திட்டுவதற்கு வீட்டில் அம்மாவைத் தவிர யாரும் இருந்ததில்லை. மறுநாள் காலை செலின் முக்காலியில் உட்கார்ந்தாள். இருபத்துமூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம் என்று எதிர்பார்த்தாள். சுவரில் கை முப்பத்துமூன்றாவது நிமிடத்திலேயே உயர்ந்தது. செலின் போனைத் தட்டிப் பார்த்தாள், சுவரைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு உள்ளே போய் ஒரு ஆளுக்கு அதிகமாகவே மாவு கரைத்தாள். யூசுப்பும் அன்றிலிருந்து முதல் டிரிப்பை விட்டுக்கொடுத்துவிட்டு நடைக்கு வந்தார்.

ஆவடி வட்டாரத்தில் ஷேர் ஆட்டோவுக்குத் தெரிந்தது அயனம்பாக்கத்துக்குத் தெரிய இரண்டு நாள் போதும். ஆக்னஸ் கேள்விப்பட்டபோது மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, தெருவில் போகிற ஆட்டோக்காரன் அவளுக்கு அண்ணனாக இருக்கும்போது நீ எங்கே போனாய் என்று மகனைப் பார்த்துக் கேட்டாள். போகாதே என்று சொன்னதே அவள்தான் என்பதை ரூபஸ் எடுத்துச் சொல்லவில்லை, அந்த அளவுக்கு அவனுக்கு விவரம் உண்டு. மறுநாள் ஏரிக்கரையில் நின்றான். அதன்பிறகு திங்கள், புதன், வெள்ளி யூசுப், மற்ற நாள் ரூபஸ் என்று ஆனது. இருவருக்குள்ளும் யார் நடந்தால் அதிக நிமிடம் இறங்குகிறது என்று ஒரு போட்டி இருந்தது, அதில் ரூபஸ் தோற்றுக்கொண்டே இருந்தான், பேச்சைக் குறைத்தால் ஜெயிப்பாய் என்று யூசுப் சொல்வார். டாக்டர் அகல்யா ஒரு நாள் சுதா இல்லாமல் தனியாக ஆக்னஸ் வீட்டுக்குப் போனார். கற்றுக்கொண்டு போன இரண்டே சொல்லைச் சொன்னார், அக்கா என்பது ஒன்று, மன்னிச்சிருங்க என்பது ஒன்று. ஆக்னஸ் முதல் சொல்லுக்கே காப்பி வைக்கப் போய்விட்டாள். மேலிடம் ஒத்துக்கொள்ள ஒரு வருடம் பிடித்தது. எந்தச் சொல், அதை ஏன் எங்கள் மொழியில் எழுத முடியவில்லை என்று வெளிநாட்டிலிருந்து நான்கு முறை கேட்டுக் கடிதம் எழுதினார்கள். கடைசியில் படிவத்தின் ஏழாவது கேள்வியை மாற்றினார்கள். அண்ணா, அக்கா என்று நீங்கள் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர்கள் யார் யார் என்று இப்போது அச்சடித்திருக்கிறது. நாற்பது குடும்பத்தில் ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

இரண்டு வருடத்தில் ரெனிதாவின் நிழல் நாற்பது நிமிடத்துக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. டாக்டர் அகல்யா இது போதும் என்றார். செலின் முக்காலியை எடுத்து உள்ளே போட்டாள். யூசுப்புக்கு முழங்கால் வலி குறைந்திருந்தது, அதைப் பற்றித் தனியாக ஓர் ஆராய்ச்சி நடத்தலாம் என்று சுதா சொன்னாள். ரெனிதா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நசரத்பேட்டை மையத்துக்குப் போய், புதிதாக வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தாள். குடும்பத்தில் கடைசிப் பிள்ளை என்பதால் அவள் எல்லாருக்கும் பாப்பாதான். தெருப்பிள்ளைகளோ அதற்குள் ஆன்ட்டி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள், அதில் அவளுக்கு வருத்தம் உண்டு.

ஒரு ஞாயிறு பூந்தமல்லியிலிருந்து ஜெபிஷா என்று ஒன்பது வயதுப் பெண்ணைக் கூட்டிவந்தார்கள். நான்கு மணி பத்து நிமிடம் பிந்தியிருந்தது, அந்த வயதுக்கு அது அதிகம். ஒரே பிள்ளை. அப்பா அம்மா இருவருமே ஒரே பிள்ளைகள், ஆகவே பெரியப்பா சித்தப்பா வழியிலும் யாரும் கிடையாது. வாடகைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, தெருவில் யாரையும் தெரியாது. ஏழாவது கேள்விக்கு நேரே அவளுடைய அம்மா ஒரு கோடு இழுத்துவிட்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ரெனிதா பேனாவைக் கையில் எடுத்தபோதுதான் அந்தக் கோட்டைப் பார்த்தாள். அன்று கூடப்பிறந்த என்ற சொல் அச்சில் விட்டுப்போகாமல் இருந்திருந்தால் தன் படிவத்திலும் இதே கோடுதான் இருந்திருக்கும். டாக்டரைக் கேட்கலாம் என்று எழுந்து கதவுப் பக்கம் போனாள். ஜெபிஷா அதுவரை ஜன்னல் வெயிலில் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தன் காலுக்குக் கீழேயும் ஒன்றும் இல்லை, எதிரில் எழுந்து போகிறவளின் காலுக்குக் கீழேயும் ஒன்றும் இல்லை.

"யக்கா," என்றாள். "உன்து எவ்ளோ நேரம் லேட்டு?"

ரெனிதா திரும்பிப் பார்த்தாள். நாற்பது நிமிடம் என்று சொன்னாள், வா நடந்துகொண்டே சொல்கிறேன் என்று கையை நீட்டினாள். நெடுஞ்சாலை ஓரமாக டயர் கடையைத் தாண்டி, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, நிழலே இல்லாத இருவர் நாற்பது நிமிடம் வெயிலில் நடந்துவிட்டு வந்தார்கள். மறுநாள் சுதா அளந்தபோது ஜெபிஷாவின் நிழல் ஆறு நிமிடம் முந்தி வந்திருந்தது. ரெனிதாவுடையதும் ஆறு நிமிடம் முந்தியிருந்தது.